ஒரே அறையில் தமிழ்வழியும் ஆங்கிலவழியும்: வரிக்கு வரி மொழிபெயர்ப்பதை விட்டால் வேறு எப்படி நடத்துவது?

#1 ஈராசிரியர்பள்ளி

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நிலைமை பழகியது. 1 முதல் 3ஆம் வகுப்பு வரை ஒரே அறை. 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கியதிலிருந்து, அதே அறையில் தமிழ்வழிப் பிள்ளையும் ஆங்கிலவழிப் பிள்ளையும் அடுத்தடுத்து உட்காருகிறார்கள். வருகைப் பதிவேட்டில் பிரிவு இரண்டு, ஆசிரியர் ஒருவர். எல்லோருக்கும் வீட்டில் தமிழ்தான்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கொடுத்ததால் தமிழ்ப் பாடத்தைச் சமாளிக்க முடிகிறது. சிக்கல் ஆங்கிலவழிக் கணக்கிலும் சூழ்நிலையியலிலும். நம்மில் பலர் செய்வது, ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்துவிட்டு உடனே அதையே தமிழில் சொல்வது. ஆங்கில வரி ஓடும்போது பிள்ளைகள் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள். தமிழ் வரி வந்ததும் திரும்புகிறார்கள். தமிழே பேசாமல் நடத்தினால் யாருக்கும் ஒன்றும் ஏறுவதில்லை.

40 நிமிட வகுப்பில் எந்த இடத்தில் தமிழ், எந்த இடத்தில் ஆங்கிலம் என்று உறுதியாகப் பிரித்து நடத்துபவர்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்? பொதுவான அறிவுரை வேண்டாம், செய்முறை வேண்டும்.

#2 வட்டாரவளம்

வணக்கம். நீங்கள் சொல்லும் ஜன்னல் பார்வைக்குக் காரணம் பிள்ளையின் சோம்பல் கிடையாது. அடுத்த பத்து நொடியில் தமிழில் வரும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் ஆங்கில வரிக்குக் காது கொடுக்காது. அதோடு இன்னொரு சேதமும் நடக்கிறது. மொழிபெயர்ப்புக்காகவே பேசும்போது தமிழும் கெட்டுப்போகிறது. "தாவரங்கள் தங்கள் உணவைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன" என்று புத்தக வாக்கியமாகத்தான் வரும். அது அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீடு.

வேலை செய்யும் அமைப்பு மூன்று துண்டு.

முதல் 7 நிமிடம் பேச்சுத் தமிழ். புத்தகம் மூடியிருக்க வேண்டும். "செடி எதைச் சாப்பிடும்? யாரு ஊட்டுறா?" என்று கேட்டு, பிள்ளைகளைப் பேசவிடுங்கள். பாடத்தின் கருத்து முழுவதும் இங்கேயே உள்ளே போய்விட வேண்டும். கரும்பலகையில் ஒரு படம் மட்டும்; சொல் எதுவும் எழுத வேண்டாம்.

அடுத்த 18 நிமிடம் ஆங்கிலம் மட்டும். முதலில் 5 சொல், அதிகபட்சம் 6. செடி பாடம் என்றால் ரூட், ஸ்டெம், லீஃப், ஃபிளவர், ஃபுரூட். நிஜச் செடியைப் பிடுங்கிவந்து காட்டித் தொடவைத்துச் சொல்ல வேண்டும். பிறகு ஒரே வாக்கிய அமைப்பு: "திஸ் இஸ் தி ரூட்", "திஸ் இஸ் தி ஸ்டெம்". அதே அமைப்பிலேயே கேள்வி, அதிலேயே பதில். கருத்து ஏற்கெனவே தெரிந்திருப்பதால் இந்த 18 நிமிடத்தில் பிள்ளைக்குப் புதிது மொழி மட்டும்தான். இந்தப் பகுதியில் பிள்ளை தமிழில் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி நகருங்கள். "இங்கிலீஷ்ல சொல்லு" என்று நிறுத்தினால் பேசுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும்.

பிறகு 7 நிமிடம் தமிழ். இங்கே சுருக்கிச் சொல்லும் வேலை பிள்ளையுடையது. யார் எங்கே தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பது இந்த இடத்தில்தான் வெளியே வரும். மீதி 8 நிமிடம் எழுத்து. தமிழ்வழிப் பிள்ளை தமிழில், ஆங்கிலவழிப் பிள்ளை ஆங்கிலத்தில். ஒரே பாடம், ஒரே பேச்சு, எழுதுவது மட்டும் அவரவர் வழியில்.

ஒரு மொழியில் உள்ளே வாங்கி இன்னொரு மொழியில் வெளியே கொடுப்பது என்ற இந்த முறைக்கு வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் 1994இல் தன் ஆய்வில் ஒரு பெயரே வைத்தார். வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசும் வகுப்பறைகள் அவை. மொழியைக் கலந்தடித்துப் பேசுவதை அவர் சொல்லவில்லை. எந்த வேலைக்கு எந்த மொழி என்று திட்டமிட்டு மாற்றுவதைத்தான் சொன்னார்.

#3 ஈராசிரியர்பள்ளி

7 + 18 + 7 + 8 ஒரு வகுப்புக்குச் சரி. மூன்று வகுப்பு ஒன்றாக இருக்கும்போது 18 நிமிடம் ஒரே குழுவோடு நின்றால் மற்ற இரண்டு குழுவும் சந்தையாகிவிடுமே சார்?

#4 வட்டாரவளம்

முதல் 7 நிமிடம் மூன்று வகுப்புக்கும் பொது. செடி, தண்ணீர், உணவு எல்லாம் மூன்று வகுப்புப் புத்தகத்திலும் ஏதாவதொரு வடிவில் இருக்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே மூன்று புத்தகத்தையும் விரித்து வைத்து, ஒத்த பாடங்களை ஒரே வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள். ஆங்கிலப் பகுதியில் 1ஆம் வகுப்புக்குச் சொல் மட்டும், 2ஆம் வகுப்புக்கு ஒரு வாக்கியம், 3ஆம் வகுப்புக்குக் கேள்வியும் பதிலும். 1ஆம் வகுப்பை 8 நிமிடத்திலேயே படம் வரைந்து பெயரிடும் வேலைக்கு அனுப்பிவிடலாம். அவர்களால் அதற்கு மேல் காது கொடுத்து உட்காரவும் முடியாது.

#5 கரும்பலகை

நேரப் பங்கீட்டோடு சேர்த்து உடனே நிறுத்த வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிக் கொடுப்பது. டியூஷன், கைடு, வீடு எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. பிள்ளை கீழே உள்ள தமிழ் வரியை வாசிக்கும், மேலே உள்ள ஆங்கிலத்தைப் பார்க்கவே பார்க்காது. பக்கம் முழுவதும் கடகடவென்று வாசிக்கும். கீழ் வரியை மறைத்தால் ஒரு சொல் வராது.

அதைவிடப் பெரிய கோளாறு, தமிழ் எழுத்தால் அந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டவே முடியாது. "கேட்" என்று எழுதினால் அது பூனையா, வாசல் கதவா? "பின்" என்று எழுதினால் ஊசியா, குப்பைத் தொட்டியா? பூனைக்குரிய உயிரொலி தமிழில் இல்லை. பேனாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் "பென்", தோசைச் சட்டியைக் குறிப்பது "பேன்", வலியைக் குறிப்பதும் பிள்ளையின் வாயில் "பேன்". மூன்று உயிரொலியில் இரண்டு ஒன்றாகிவிட்டது. எழுதச் சொன்னால் சட்டிக்கும் வலிக்கும் ஒரே எழுத்துக்கோவை வரும். அதைப் பார்த்து "ஸ்பெல்லிங் மனப்பாடம் பண்ணலை" என்று திட்டுகிறோம். பிள்ளையின் காதில் அந்த வேறுபாடே இன்னும் விழவில்லை.

உச்சரிப்புக்குப் பதிலாகச் சொல்லுக்குக் கீழே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஓர் ஒலிக்கு ஒரு புள்ளி. மூன்று ஒலியுள்ள சொல்லுக்கு மூன்று புள்ளி. இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும் இடத்தில் (ஷிப், சேர் போன்ற சொற்களின் முதல் ஒலி) இரண்டு எழுத்துக்கும் சேர்த்து ஒரு சின்னக் கோடு. பொருள் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு படம். இவ்வளவு போதும்.

எழுத்தை எந்த வரிசையில் தொடங்குவது என்பதும் முக்கியம். ஏ, பி, சி, டி என்று வரிசையாகப் போனால் முதல் வாரத்தில் வாசிக்க மிகச் சில சொல்தான் அமையும். எஸ், ஏ, டீ, ஐ, பென்சிலில் வரும் பி, என் ஆகிய ஆறையும் முதலில் எடுத்தால் சிட், பின், டேப், டிப், நேப் என்று பத்துப் பன்னிரண்டு சொல் உடனே கிடைக்கும். இந்த முதல் ஆறில் பஸ்ஸில் வரும் பி இல்லை, டாக்கில் வரும் டி இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணாடியில் திருப்பிப் பார்த்ததுபோல் இருக்கும் அந்த இரண்டு எழுத்தையும் ஒரே வாரத்தில் கற்பித்தால் மூன்றாம் வகுப்பு வரை குழப்பம் தீராது. தமிழில் ஓர் எழுத்தை இடவலமாகத் திருப்பினால் இன்னோர் எழுத்து ஆவதில்லை. அதனால் திசையைக் கவனிக்கும் பழக்கம் பிள்ளைக்கு இங்கிருந்து கிடைக்காது, தனியாகத்தான் பழக்க வேண்டும்.

#6 சொல்வதைஎழுது

புள்ளி வைப்பது நல்ல முறை. ஆனால் ஒலிக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லாத சொற்கள் இருக்கின்றனவே. "குட்", "தே", "ஒன்" மாதிரி. அவற்றுக்காவது தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒரு வாரம் கழித்து அழித்துவிடலாம்.

#7 கரும்பலகை

அதற்கும் வேண்டாம் டீச்சர். அந்தச் சொற்கள் வாரத்துக்கு நான்கு போதும். அட்டையில் எழுதி வாசல் நிலையில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். தண்ணீர் குடிக்கப் போகும்போதும் திரும்பி வரும்போதும் தொட்டு வாசித்துவிட்டுத்தான் போக வேண்டும். நாளுக்கு ஏழெட்டு முறை தானாக ஆகிவிடும். எழுதியதை அழிக்கலாம், அடிவரியைத் தேடும் கண்ணை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

பஸ் பி, பென்சில் பி சிக்கலுக்கு ஒரு வழி சொல்கிறேன். இதற்குத் தமிழே உதவும். "தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஒலி வராது" என்று சொல்வது சரியில்லை. எல்லாப் பிள்ளையும் பழம் என்பதை ஒரு மாதிரியும் பயம் என்பதை வேறு மாதிரியும்தான் சொல்கிறது. குடம், குண்டு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். தலை, தோசை சொல்லிப் பாருங்கள். வாயில் வேறுபாடு இருக்கிறது, எழுத்தில் இல்லை. ஆகவே ஒலியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே சொல்லும் ஒலியைக் கவனிக்க வைத்தால் போதும்.

தொண்டையில் கை வைத்துப் பழம், பயம், பழம், பயம் என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். பயம் என்னும்போது உதடு திறப்பதற்கு முன்பே தொண்டை அதிரும். அதற்குப் பின் பத்துப் படம்: பூ, பந்து, பல், பஸ், பலூன், பேட், பொம்மை, பாய், பை, பானை. இரண்டு கூடை வைத்து எந்தப் படம் எந்தக் கூடை என்று பிரிக்கச் சொல்லுங்கள். பஸ், பலூன், பேட், பொம்மை ஒரு கூடையில் விழ வேண்டும். பை என்ற சொல் வீட்டுக்கு வீடு மாறும், அதை வைத்து வாக்குவாதம் நடக்கட்டும். காது தீட்டப்படுவதே அந்த வாக்குவாதத்தில்தான். அதன் பிறகுதான் ஆங்கில எழுத்தைக் காட்ட வேண்டும்.

பென்சில் பி-க்கு மேலும் ஒரு படி உண்டு. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் அது காற்றோடு வெடிக்கும், தமிழ் ப வெடிக்காது. 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் நோட்டுத் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன் 5 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டுச் சொல்லச் சொன்னால், பென்சிலுக்குத் தாள் ஆட வேண்டும், பஸ்ஸுக்கு ஆடக்கூடாது. சார்ட் அட்டை ஆடாது, மெல்லிய தாள்தான் வேண்டும்.

#8 தேன்கனிக்கோட்டை

எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் நிறைய. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் 1ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் படிக்கிறார்கள். கரும்பலகை சொன்ன கூடை விளையாட்டை இந்தப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் மொழியில் இரண்டும் தனித்தனி ஒலி. அவர்களுக்குச் சிக்கல் எதிர்ப்பக்கம்: இரண்டு ஒலிக்கும் தமிழில் ஒரே எழுத்துதானா என்று தடுமாறுவார்கள். தம்பி, பம்பரம், கங்கை போன்ற சொற்களில் மெல்லெழுத்துக்குப் பின் ஒலி மாறும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம், இவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டுவது இங்கே இன்னும் அதிகம். பஸ்ஸு, கப்பு, பேகு. பேசும்போது பரவாயில்லை, எழுதும்போதும் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக வந்துவிடும். கைதட்டல் நன்றாக வேலை செய்கிறது. கப் என்றால் ஒரு தட்டு. கப்பு என்று சொன்னால் கை இரண்டாவது முறை தட்டும், பிள்ளையே பிடித்துவிடும். இஸ்கூல், இஸ்டூல் என்று முன்னால் இகரம் சேர்ப்பதற்கும் இதே வழி. ஆனால் அதற்கு முன் "ஸ்ஸ்ஸ்" என்று நீட்டிப் பிடித்துவிட்டுச் சட்டென்று "கூல்" சொல்லப் பழக்க வேண்டும்.

#9 மணிச்சட்டம்

இழை முழுக்க ஒலியிலேயே போகிறது. இரண்டு மொழியும் முட்டிக்கொள்வது கணக்கில் இன்னும் அதிகம், அங்கே அது வெளியே தெரிவதில்லை. விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண் பெயர். தமிழில் பதின்மூன்று என்றால் பத்து முதலில், மூன்று பின்னால். 13 எழுதும் வரிசையும் அதுவே. ஆங்கிலத்தில் தர்ட்டீன் என்னும்போது மூன்று முதலில் காதில் விழுகிறது. பிள்ளை முதலில் 3 எழுதிவிட்டு, அதற்கு இடப்பக்கம் 1 சேர்க்கும். அல்லது 31 என்றே எழுதிவிடும். இந்தச் சிக்கல் 13 முதல் 19 வரை மட்டும்தான். 21க்கு மேல் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன. எனவே 11 முதல் 19 வரையுள்ள எண்களைத் தமிழில் நன்றாக ஊன்றிவிட்டு, பிறகு ஆங்கிலப் பெயரை ஒட்டுங்கள். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றும் தனிக் குச்சி மூன்றும் கையில் இருக்கட்டும். தர்ட்டீன் என்றால் ஒரு கட்டு, தர்ட்டி என்றால் மூன்று கட்டு. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் குச்சியை எடுக்கவைத்தால் காது எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, தமிழ் குழப்பும் இடம் தொண்ணூறு. இருபது, முப்பது, நாற்பது என்று வந்த வரிசை தொண்ணூறில் உடைந்து, உள்ளே "நூறு" கேட்கிறது. தொண்ணூத்தி மூணு, நூத்தி மூணு இரண்டும் பிள்ளை காதில் ஒட்டிப்போய், 93க்குப் பதில் 103 எழுதும். 3ஆம் வகுப்பில் தொள்ளாயிரம் வரும்போதும் இதே கதை. உள்ளே "ஆயிரம்" கேட்பதால் தொள்ளாயிரத்து ஐந்தை 9005 என்று எழுதும். இங்கே ஆங்கிலப் பெயர் கைகொடுக்கும். நைன்டி த்ரீ, நைன் ஹண்ட்ரட் என்பதில் குழப்பமே கிடையாது. தமிழ்வழிப் பிள்ளைக்கும் இந்த இரண்டு இடத்தில் ஆங்கிலப் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள், இடமதிப்பு உடனே நேராகும்.

கழித்தல்தான் பெரிய பொறி. "52இலிருந்து 27ஐக் கழி" என்று தமிழில் பெரிய எண் முதலில் வருகிறது. மேலே எழுத வேண்டியதும் அதுதான். ஆங்கிலத்தில் "சப்ட்ராக்ட் 27 ஃப்ரம் 52" என்று 27 முதலில் வருகிறது, 52 கடைசியில். கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை 27ஐ மேலே எழுதி 52ஐக் கீழே எழுதும். ஒன்றுகள் இடத்தில் 7 கழித்தல் 2, 5. பத்துகள் இடத்தில் 2இலிருந்து 5 போகாது, ஆகவே திருப்பி 5 கழித்தல் 2, 3. விடை 35. சரியான விடை 25.

கவனிக்க வேண்டியது இனிமேல்தான். கேள்வியைச் சரியாகப் புரிந்து 52ஐ மேலே எழுதியும், கடன் வாங்கத் தெரியாமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளைக்கும் விடை 35தான் வரும். ஒன்றில் 5, பத்தில் 3. இரண்டு பிள்ளைக்கும் ஒரே தவறான விடை, காரணம் வேறு வேறு. முதல் பிள்ளைக்கு வாக்கியம் புரியவில்லை, இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்குதல் புரியவில்லை. விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு மையில் கோடு போட்டால் இருவருக்கும் கடன் வாங்குதலையே திரும்ப நடத்துவோம். முதல் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. திருத்தும்போது எந்த எண் மேலே இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை இலக்கக் கணக்கில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. 3 கழித்தல் 8 என்று எழுதினாலும் பிள்ளை 5 என்றுதான் விடை போடும். சோதிக்க ஈரிலக்கக் கணக்கு வேண்டும்.

பழக்கும் முறை: ஆங்கிலக் கேள்வியில் "ஃப்ரம்" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, அதற்குப் பின் வரும் எண்ணை முதலில் எழுதச் சொல்வது. ஒரு வாரம் விடை கண்டுபிடிக்கவே வேண்டாம், மேலே எது கீழே எது என்று அடுக்கினால் மட்டும் போதும். நாளைக்கு ஆறு கணக்கு. அதில் இரண்டு "ஃப்ரம்" இல்லாத வகையாக, "மைனஸ்" என்று வரும் வகையாக, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தலைகீழாக்கும்.

#10 ஈராசிரியர்பள்ளி

35 விஷயம் மிகவும் உபயோகமானது சார். பின்னத்திலும் இந்த மாதிரி உண்டா? நான்கில் மூன்று என்றால் பலர் 4இன் கீழ் 3 எழுதுகிறார்கள்.

#11 மணிச்சட்டம்

உண்டு. அதே காரணம். "நான்கில் மூன்று" என்று தமிழ் முழுப் பங்கை முதலில் சொல்கிறது. ஆங்கிலம் எடுத்த பங்கை முதலில் சொல்கிறது, த்ரீ ஃபோர்த்ஸ் என்று. மேலிருந்து கீழே எழுதும் பழக்கத்தில் தமிழ் கேட்ட பிள்ளை 4ஐ மேலே வைத்துவிடுகிறது.

தமிழில் சொல்லும்போது கோட்டை முதலில் போடச் சொல்லுங்கள். "நான்கில்" என்றதும் கோட்டுக்குக் கீழே 4. "மூன்று" என்றதும் மேலே 3. ஆங்கிலத்தில் மேலிருந்து கீழே. தமிழ்முறையில் ஒரு வசதி இருக்கிறது: முதலில் எத்தனையாக வெட்டினோம், பிறகு எத்தனை எடுத்தோம் என்று செய்கை வரிசையிலேயே சொல்கிறது. தாளை நான்காக மடித்துவிட்டுத்தானே மூன்றுக்கு வண்ணம் அடிக்கிறோம்! அதனால் ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் பின்னத்தைத் தமிழில் தொடங்குவதே நல்லது. கால், அரை, முக்கால் கடைச் சொல்லாகப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும், அங்கிருந்து நான்கில் ஒன்று, நான்கில் மூன்றுக்குப் போகலாம்.

#12 மட்டக்களப்பு_தரம்3

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே தரம் 1, 2இல் ஆங்கிலம் செயற்பாட்டோடு சேர்ந்த வாய்மொழி மட்டும்தான். முறையான ஆங்கிலப் பாடம் தரம் 3இல்தான் தொடங்குகிறது. அதற்குள் பிள்ளைகள் தமிழ் எழுத்தை வாசிக்கப் பழகியிருப்பார்கள் என்பது ஒரு நல்ல ஏற்பாடு. ஒரு எழுத்துமுறை கைக்கு வந்த பிறகு இரண்டாவது எழுத்துமுறை வருவதால் "எழுத்து என்றால் ஒலி" என்ற விளக்கத்தை மறுபடி கொடுக்கத் தேவையில்லை. உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை, இரண்டையும் 1ஆம் வகுப்பிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் குறைந்தது முதல் இரண்டு மாதமாவது ஆங்கிலத்தைப் பாட்டு, விளையாட்டு, கட்டளைச் செயல் என்று வாய்மொழியாகவே வைத்திருங்கள்.

உயிரொலி பற்றி ஒரு சிறு குறிப்பு. நாங்கள் டொக்டர், கொப்பி, பொக்ஸ் என்று சொல்கிறோம், எழுதுகிறோம். நீங்கள் டாக்டர், காப்பி, பாக்ஸ். ஆகவே எங்கள் பிள்ளைகள் அந்த ஒலிக்கு ஆங்கில ஓ எழுத்தைத் தாமாகவே எழுதிவிடுவார்கள். உங்கள் பிள்ளைகள் ஏ எழுத்தைப் போடுவதற்குக் காரணம் இதுதான். அந்த ஒலிக்கு ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

#13 சொல்வதைஎழுது

ஆங்கிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழ் வாசிப்பு உறுதியாக இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது, ஆகவே தமிழ் எழுத்து பற்றிக் கொஞ்சம்.

247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் நடத்துவதால் உகர வரிசையில்தான் பெரும்பாலான பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆகாரத்துக்கு ஒரே துணைக்கால், இகரத்துக்கு ஒரே மேல்விலங்கு. உகரத்துக்கு மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. 18ஐயும் வடிவத்தை வைத்து மூன்று குழுவாகப் பிரித்து நடத்துங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குழு, சுழி இடப்பக்கம் திரும்பும். ஙு, சு, பு, யு, வு ஒரு குழு, கோடு கீழே இறங்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஒரு குழு, கீழே வளைந்து வலப்பக்கம் ஏறும். ஒரு குழுவை முடித்து அந்த எழுத்துகளிலேயே சொல் வாசித்த பிறகு அடுத்த குழு. ஊகாரத்தில் கூ தனி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எகரம், ஒகரம் வரும்போது இன்னொரு தடை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் பழகியிருப்பதால் இங்கே அதிகம் தடுக்கும். இதற்கு ஜன்னல் அட்டை செய்து வைத்தால் போதும். 20 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரத்தில் கெட்டி அட்டை. நடுவில் 3 செ.மீ. சதுரமாக ஜன்னல் வெட்டுங்கள். ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு, வலப்பக்கம் துணைக்கால். இன்னொரு தாள்பட்டை 3 செ.மீ. அகலத்தில் நீளமாக வெட்டி க, ச, த, ப, ம, வ என்று 3 செ.மீ. இடைவெளியில் எழுதி, பின்பக்கமாகச் செருகி மேலும் கீழும் இழுத்தால் கொ, சொ, தொ, பொ என்று வரும். வலப்பக்கத் துணைக்காலை மடித்து மறைத்தால் கெ, செ, தெ. கொம்பின்மேல் இரட்டைக் கொம்பு அட்டையை வைத்தால் கோ, சோ. பிள்ளையின் கண் ஜன்னலைத்தான் முதலில் பார்க்கும், அதுதான் வேண்டும். மெய்யை முதலில் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் பார்க்கப் பழகிவிடும்.

ந, ன, ண மூன்றையும் ஒலியை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். ந, ன இரண்டையும் பேச்சில் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம். இடம் சொல்லிக் கொடுங்கள். சொல்லின் முதலில் ந. உள்ளே த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன். பந்து, நண்டு, கன்று என்ற மூன்று சொல்லைச் சுவரில் எழுதி வைத்தால் 3ஆம் வகுப்புப் பிள்ளை தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

#14 வட்டாரவளம்

சேர்த்துக்கொள்ள வேண்டியது வாசிப்பு வேகம். 2021இல் வந்த, ஒன்றிய அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான நிபுன் பாரத் வழிகாட்டலில் 3ஆம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று இருக்கிறது. அந்த அளவை அப்படியே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம். "வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்" தமிழில் இரண்டு சொல், 19 எழுத்து. ஆங்கிலத்தில் அதுவே ஆறு சொல் ஆகிவிடும். தமிழில் நிமிடத்துக்கு 35 சொல் வாசிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் 60 வாசிக்கும் பிள்ளையைவிட மெதுவாக வாசிக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் வகுப்புக்குள் ஒப்பிடத் தமிழில் எழுத்தை எண்ணுங்கள். புள்ளி எழுத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரே பிள்ளைக்குப் பருவத்துக்கு ஒரு முறை, முன்பின் பார்க்காத பத்தி. வாசித்த பிறகு இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள், பேச்சுத் தமிழில். பிள்ளை "அவங்க சந்தைக்குப் போனாங்க" என்று பதில் சொன்னால் அது முழு மதிப்பெண். "சென்றார்கள்" என்று சொல்லவில்லை என்று குறைக்கக் கூடாது. நாம் சோதிப்பது புரிதலை. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மீள்பார்வை செய்த குழுவே பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கச் சொன்னது. நம் வகுப்பறையில் அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

#15 ஈராசிரியர்பள்ளி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும் மீதி. ஆங்கிலவழிப் பிள்ளைகளின் பெற்றோர் "கணக்கை ஏன் தமிழில் சொல்லித் தருகிறீர்கள்" என்று கேட்டால் என்ன காட்டுவது? ஜன்னல் அட்டைக்கு எந்த அட்டை?

#16 மணிச்சட்டம்

பெற்றோர் கூட்டத்தில் பேசிப் புரியவைப்பது கஷ்டம். பிள்ளையின் இரண்டு பக்கத்தைக் காட்டுங்கள். அடுக்கும் பயிற்சிக்கு முந்தைய 27, 52 கணக்குப் பக்கம் ஒன்று, பிந்தையது ஒன்று. எந்த எண் எங்கே நின்றது என்று பெற்றோருக்கே தெரியும். அதோடு, 2020 தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்தவரை குறைந்தது 5ஆம் வகுப்பு வரை வீட்டு மொழி வழியாகக் கற்பிக்கத்தான் சொல்கிறது என்பதையும் சொல்லலாம். பேச்சுத் தமிழ் 7 நிமிடம் எதற்கு என்று கேட்டால் அதே நாள் பிள்ளையை அழைத்து ஆங்கிலத்தில் ஐந்து சொல்லைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

#17 சொல்வதைஎழுது

புத்தகக் கட்டு வரும் பழுப்பு அட்டைப்பெட்டி போதும். மேலே வெள்ளைத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். சார்ட் அட்டையில் செய்தால் பட்டையை இழுக்கும்போது ஜன்னல் ஓரம் இரண்டு வாரத்தில் கிழிந்துவிடும். பட்டைக்கு மட்டும் சார்ட், அதன்மேல் செல்லோ டேப். பின்பக்கம் ஜன்னலுக்கு மேலேயும் கீழேயும் 4 செ.மீ. நீளத்தில் ஒரு தாள் வார் ஒட்டி அதற்குள் பட்டையைச் செருகினால் நழுவாது. நான்கு பிள்ளைக்கு ஓர் அட்டை வீதம் செய்யுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் இழுப்பது எப்போதும் ஒரே பிள்ளையாக இருக்கும்.